அப்பாவிடம் அப்பாவைப் பற்றிக் கோள் சொன்னவள்

அந்தப் பிள்ளை என் மேஜைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் அப்பாவிடம் தன் அப்பாவைப் பற்றிக் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எங்க வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு."

"எந்த மாமா?" என்றது அவள் கையிலிருந்த போன்.

"பெரிய மாமா. உன் சட்டையப் போட்டுக்கிடுதாரு. அம்மா பக்கத்துல உக்காந்து சாப்பிடுதாரு. என் கட்டில்ல படுக்காரு."

"அப்படியா?"

"நீ வந்து அவர அடி."

போனுக்குள் இருந்த அப்பாவுக்கு அது அவ்வளவு சுலபமான காரியமில்லை. காரணம் இருந்தது. அந்தப் பெரிய மாமாவே அவர்தான். என் அறைக்கு வெளியே மாடிப்படியில், கீழே இருக்கிற பாத்திரக்கடையின் சத்தம் போனில் விழாமல் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது.

"அடிச்சிரவா?" என்று கடைசியில் கேட்டார். குரல் கரகரத்தது.

பிள்ளை யோசித்தாள். மேஜைக் காலைக் கட்டைவிரலால் சுரண்டினாள்.

"ரொம்ப வேண்டாம். முறுக்கு வாங்கித் தந்தாரு. மெதுவா அடி."

நான் மேஜைமேல் கிடந்த ஏதோ ஒரு தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். குடும்பங்களுக்கும் மாணவர்களுக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். ஆலோசகர் சிரிக்கக் கூடாது என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் அம்மா முப்பிடாதிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. அவள் ஒரே நேரத்தில் சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

சாரல் விழுந்தால் வருகிறவர்கள்

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் தென்காசி வட்டாரத்தில் இரண்டு வகை ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஒன்று, சொந்தக்காரர்கள். மற்ற நாட்களில் நம் போன் நம்பரே தெரியாதவர்கள் அப்போது மட்டும் துண்டு, சோப்பு, நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு வாசலில் நிற்பார்கள். "சும்மா ஒங்கள ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்பார்கள். நாமும் நம்பியதுபோல் காட்டிக்கொண்டு கூடுதலாக அரிசி போடுவோம்.

இன்னொரு வகை, பட்டாளத்துக்காரர்கள். எங்கள் பக்கத்து ஊர்களில் ராணுவத்துக்கோ போலீஸுக்கோ ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கேட்பதைவிடச் சாரலுக்கு லீவு கேட்கிறவர்கள் அவர்களில் அதிகம். தண்ணீர் விழுவதைப் பார்க்க ஒருவன் ஏன் இத்தனை தூரம் போகிறான் என்று வடக்கத்தி அதிகாரிக்கு விளங்காது. விளங்க வைக்கவும் முடியாது.

அச்சன்புதூர் மாரியப்பன் அப்படித்தான் லீவில் வந்தார். இந்தக் கதையில் பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்டபோது, "ஆள் பேர மாத்திக்கோங்க மேடம், ஊர்ப் பேர மட்டும் அப்படியே போடுங்க. ஊர்ல நாலு பேரு படிப்பாங்க" என்றார். பிள்ளைக்குத் தன்ஷிகா என்று வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இப்போது பிறக்கிற பெண் பிள்ளைகளில் 'ஷி' இல்லாத பெயர் தேடினாலும் கிடைக்கவில்லை, மாற்றுப் பெயரிலும் அது வந்து உட்கார்ந்துவிட்டது.

மாரியப்பனுக்குப் பனிமலைப் பக்கம் வேலை. போன லீவில் அவர் வந்தபோது தன்ஷிகா தவழ்ந்துகொண்டிருந்தாள். நடுவில் கிடைக்க வேண்டிய லீவெல்லாம் ஏதேதோ காரணத்தில் தள்ளிப்போய், இப்போது அவளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. இடைப்பட்ட காலம் முழுவதும் அப்பா என்றால் அவளுக்குச் சாயங்காலம் போனில் தெரிகிற முகம். உள்ளங்கை அளவு முகம்.

அந்த அப்பாவுக்கு உடம்பு முளைத்து, டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்கினால் ஒரு பிள்ளை என்ன செய்யும்? தன்ஷிகா ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அப்போதே விட்டிருந்தால்கூடச் சரியாகியிருக்கும். ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைகளை யாரும் சும்மா விடுவதில்லை. "ஒனக்கு அப்பாவப் பிடிக்குமா, அம்மாவப் பிடிக்குமா?" என்று கேட்டு, பிள்ளை எந்தப் பதில் சொன்னாலும் மற்றவரை அழுவதுபோல் நடிக்கச் சொல்லி வேடிக்கை பார்ப்பது எங்கள் விருந்தோம்பலில் ஒரு பகுதி. வீடு நிறையச் சாரல் விருந்தாளிகள் வேறு. மாரியப்பனின் அக்கா சண்முகத்தாய் தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள்.

"ஏட்டி, அப்பா வந்திருக்காரு, போய் முத்தம் குடு" என்று அவள் பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ளினாள். மற்றவர்கள் முன்னாலிருந்து இழுத்தார்கள். யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

தன்ஷிகா தப்பித்து ஓடிவந்து முப்பிடாதியின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்: "அம்மா, அப்பாவுக்குப் போன் போடு. வீட்டுக்குள்ள ஆள் வந்திருக்கு." அன்றிலிருந்து அவள் போன் கேட்கும்போதெல்லாம் அவர் வெளியே போய் நின்றுதான் பேசினார்.

அருவிக்கரையில் விசாரணை

எங்கள் ஊரில் எதற்கும் மருந்து அருவிதான். சளி பிடித்தாலும் அருவி, கோபம் வந்தாலும் அருவி, கல்யாணம் தள்ளிப்போனாலும் அருவி. பிள்ளை அப்பாவிடம் ஒட்டவில்லை என்றதும் சண்முகத்தாய் யோசிக்கவே இல்லை.

"அருவில வச்சி ஒரு முக்கு முக்கி எடுலே. தண்ணிக்குப் பயந்து ஒன்னய இறுக்கிக் கட்டிப் பிடிச்சிக்கிடுவா."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்பதை அந்த வீட்டில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முப்பிடாதியும் சண்முகத்தாயும் பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். மாரியப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் நடந்தார். எண்ணெய் தேய்த்த முதுகுகளுக்கு நடுவில், காது அடைக்கிற இரைச்சலில், அம்மா இல்லாமல், ஒரு பெரிய மாமாவின் தோளில் தன்ஷிகா. முதல் துளி மேலே பட்டதுமே அவள் போட்ட சத்தத்தில் அருவிச் சத்தம் கேட்கவில்லை என்று அவரே சொன்னார்.

பயந்துபோய் வெளியே வந்தார். அங்கே காவலுக்கு நின்ற பெண் போலீஸ் பார்த்தது இதுதான்: ஒட்ட வெட்டிய தலை, வாட்டசாட்டமான உடம்பு, ஈரத் துண்டோடு ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேகமாக வருகிறார். தோளில் ஒரு பிள்ளை கைகாலை உதறி அலறுகிறது. அந்தப் பெண் போலீஸ் அவரைத் தடுத்து நிறுத்தாமல் இருந்திருந்தால்தான் நான் புகார் எழுதியிருப்பேன்.

"யாரு பிள்ள இது?"

"எம் பிள்ளதான் மேடம்."

"பாப்பா, இது யாரும்மா?"

"பெரிய மாமா."

"அப்பா எங்க?"

"போன்ல."

"அப்பா எப்படிம்மா இருப்பாரு?"

தன்ஷிகா அழுகையை நிறுத்திவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இத்தினிக்கூண்டு இருப்பாரு."

அடையாள அட்டை முப்பிடாதியின் பையில். போனும் அதே பையில். நாட்டின் எல்லையைக் காக்கிறவர் இடுப்புத் துண்டைக் காத்துக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்.

முப்பிடாதி தலை துவட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் விஷயம் வேறு வழியில் முடிந்துவிட்டது. "அச்சன்புதூர்னா, யாரு மவன்?" என்று அந்தப் பெண் போலீஸ் கேட்டிருக்கிறார். அவருக்கு வடகரையில் மாமியார் வீடு. மாமியாரின் தங்கையைக் கட்டிக்கொடுத்தது மாரியப்பனின் தெருவில். எங்கள் ஊரில் ஆதார் அட்டையைவிட இது செல்லும்.

"பிள்ளைய அதட்டாதீங்கண்ணே. தென்காசில ரத வீதில பாத்திரக்கட மாடில ஒரு மேடம் இருக்காங்க. எங்க பயலையும் அங்கதான் கூட்டிட்டுப் போனேன். ஒரு எட்டு போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பாத்திரக்கடைக்கு மேலே

அந்த மாடி அறையைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை குறைவு என்று பிடித்தேன், சத்தம் அதிகம் என்று அப்புறம்தான் தெரிந்தது. யாராவது மனம் உடைந்து பேசத் தொடங்கும் நேரமாகப் பார்த்துக் கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த இடத்தில் ஒரு வசதி இருந்தது. ஆலோசனைக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் மக்களுக்கு இன்னும் கூச்சம். பாத்திரக்கடைக்குப் போகிறோம் என்றால் கௌரவம். அதனால் என்னைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் கீழே ஒரு டம்ளராவது கரண்டியாவது வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் கடைக்கார அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாக இருப்பார். "ஒங்களுக்குக் கூட்டம்னா எனக்கும் கூட்டம்தான் மேடம்" என்பார். மூத்த மகன் படிக்கவில்லை, இளைய மகள் பேசவில்லை, மாமியார் முறைக்கிறார் என்று அடிக்கடி வந்த ஒரு வீட்டில் இன்று ஒரு பந்திக்குத் தேவையான டம்ளர் இருக்கிறது.

அங்கே வருகிற மாணவிகளில் பாதிப் பேருக்கு அப்பாவோடுதான் சிக்கல். சண்டையெல்லாம் இல்லை. பேச்சே இல்லை. அப்பாவும் மகளும் என் முன்னால் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். "காலேஜ் எங்க சேரணுமாம்னு கேளு" என்பார் அவர், மனைவியிடம். "மதுரைன்னு சொல்லும்மா" என்பாள் அவள். நடுவில் அந்த அம்மா தபால் ஆபீஸ் மாதிரி உட்கார்ந்திருப்பார். இந்த ஊமைப் படம் எந்த வயதில் தொடங்குகிறது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை உண்டு. தன்ஷிகா வந்தபோது, தொடங்குகிற இடத்தையே கண்முன்னால் பார்ப்பதுபோல் இருந்தது. அதனால்தான் சிரித்துவிட்டு என்னால் விட முடியவில்லை.

அந்நியர் கிடைக்காத ஊர்

பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் உள்ள பிணைப்பை அட்டாச்மென்ட் என்று பாடமாகப் படித்தேன். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. எங்கள் ஊரில் யாரும் விவாதிக்காமல் ஒட்டுதல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "பிள்ள யாருகிட்ட ஒட்டுதா?" என்று கேட்டால் போதும், முழுப் பாடமும் அதற்குள் வந்துவிடும்.

அதை அறிய ஒரு சோதனை பாடத்தில் இருந்தது. ஓர் அறையில் அம்மாவும் பிள்ளையும் விளையாட வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வருவார். அம்மா எழுந்து வெளியே போவார். பிள்ளை என்ன செய்கிறது, அம்மா திரும்பி வந்ததும் யாரிடம் ஓடி ஆறுதல் தேடுகிறது என்று பார்க்க வேண்டும். யாருக்காக அழுகிறதோ, யார் வந்தால் அடங்குகிறதோ, அவரிடம் அது ஒட்டியிருக்கிறது. சுருக்கமாக அவ்வளவுதான்.

மாணவியாக இருந்தபோது ஆர்வக்கோளாறில் இதை எங்கள் தெருவிலேயே செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவும் அவள் பிள்ளையும் தயார். அந்நியருக்காகப் புளியங்குடியிலிருந்து என் தோழியை வரவழைத்தேன். அவள் உள்ளே காலை வைத்ததும் அக்கா கேட்டாள்: "நீ எலுமிச்சங்கா மார்க்கெட் அண்ணாச்சி மவல்லா?"

அதோடு சோதனை முடிந்தது. இருவரும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். காபி வந்தது. வெளியே போக வேண்டிய அம்மா கடைசிவரை போகவே இல்லை. பிள்ளை தூங்கிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் முழு அந்நியர் ஒருவரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை என்று அன்று எழுதி வைத்தேன்.

ஆனால் அச்சன்புதூரில் ஒரு வீட்டில், பெற்ற அப்பாவே அந்த அந்நியராக வந்து நின்றார். அது மட்டும் எனக்கு வேடிக்கையாக இல்லை.

சென்ட் பாட்டில்

மறுபடி என் அறைக்கே வருகிறேன். போனைத் துண்டித்துவிட்டு மாரியப்பன் உள்ளே வந்தார். தன்ஷிகா உடனே அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், அதிகாரி முன்னால் உட்கார்வதுபோல்.

"லீவு முடியப் போவுது மேடம். அடுத்து போற எடத்துல எப்ப லீவு கெடைக்கும்னு சொல்ல முடியாது. போன தடவ ரயில் ஏறும்போது இவ டாட்டா காட்டிட்டு பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தா. அது குழந்த, சரி. இந்தத் தடவயும் யாரோ ஒருத்தன் போறான்னு நின்னா, நான் என்னத்த நெனச்சிக்கிட்டு அங்கன போய் நிக்கதுக்கு? ஒரே ஒரு தடவ எங்கிட்ட வந்துட்டாப் போதும். என்ன செய்யணும்னு ஆர்டர் போடுங்க, செஞ்சிருதேன்."

ஆர்டர் போடுவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "அப்பாவோட எப்படி வெளையாடுவ, காட்டு" என்று தன்ஷிகாவிடம் போனைக் கொடுத்து, மாரியப்பனை மறுபடி படிக்கட்டுக்கு அனுப்பினேன்.

அவள் முதலில் போனின் முகத்தைத் தன் கவுன் நுனியால் துடைத்தாள். முப்பிடாதி அன்று ஏறி வரும்போதே கீழே வாங்கியிருந்த, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் சம்படத்தில் அதைச் சாய்த்து நிறுத்தினாள். அப்பாவுக்குப் பொய்ச் சோறு ஊட்டினாள். ஜன்னலோரம் செத்துக் கிடந்த ஒரு வண்டை எடுத்து வந்து காட்டினாள். "அடேயப்பா, பச்சை வண்டு" என்றார் போன் அப்பா. அதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. "சாப்பிட்டாச்சு, தூங்கு" என்று சொல்லி அவரைக் கவிழ்த்துப் போட்டாள்.

"தெனமும் இப்படித்தான் மேடம்" என்றாள் முப்பிடாதி. "நான் அடுப்படில வேலயப் பாப்பேன். அவியள வச்சி இவ வெளையாடிக்கிட்டே இருப்பா."

மாரியப்பன் திரும்பி வந்ததும் கேட்டேன். லீவில் வந்த பிறகு இப்படி ஒரு முறையாவது இவளோடு உட்கார்ந்தீர்களா?

அவர் விரல் விட்டு எண்ணினார். காம்பவுண்டுச் சுவர் வேலை. பேங்க். கோயில். அக்கா வீட்டு ஆட்களை அருவிக்குக் கூட்டிப்போனது. கூடப் படித்தவர்கள் வந்தது.

"போன்ல மட்டும் எப்படி உக்காந்தீங்க?"

அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "போன்ல பேசும்போது வேற எங்க மேடம் போறது? அங்கன பனிதான இருக்கு."

சொல்லி முடித்த பிறகு அவருக்கே உறைத்தது. தலை குனிந்துகொண்டார். போனுக்குள் இருந்த அப்பா அவளை மட்டும் பார்த்தார். வீட்டுக்கு வந்த மாமா எல்லாரையும் பார்த்தார், போகிற போக்கில் அவளைத் தூக்கப் பார்த்தார். இரண்டு பேரில் யார் அப்பா என்று அந்தப் பிள்ளை சரியாகத்தான் முடிவு செய்திருக்கிறாள்.

இன்னொன்றும் இருந்தது. அவர் உள்ளே வரும்போதெல்லாம் மிலிட்டரி கேன்டீன் சென்ட் அறை முழுக்க மணந்தது, எனக்கே தும்மல் வந்தது. போன் அப்பாவுக்கு வாசனை கிடையாது. பெரிய மாமாவுக்கு இவ்வளவு வாசனை.

என் அப்பா புளியங்குடியில் ஓர் எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை பார்த்தார். காலையில் நான் விழிக்கும் முன் போய்விடுவார். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது சட்டை, கை, துண்டு, சில்லறைக் காசு எல்லாவற்றிலும் எலுமிச்சை மணக்கும். அவர் அதிகம் பேசுகிறவரில்லை. வந்ததும் என்னை மடியில் போட்டுக்கொண்டு ரேடியோ கேட்பார், நான் அவர் விரலை முகர்ந்துகொண்டே கிடப்பேன். இன்றைக்கும் ஜூஸ் கடை முன்னால் நிற்கும்போது எனக்குக் காரணமில்லாமல் தைரியம் வரும். ஒட்டுதல் என்ற பாடம் எனக்கு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அதனால் என் முதல் ஆர்டர்: சென்ட் பாட்டிலைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

இரண்டாவது ஆர்டர்: போன் மாதிரி இருங்கள்.

"அப்படின்னா?"

"தூக்காதீங்க, கூப்பிடாதீங்க. அவ விளையாடுற எடத்துல தரையில போய்ப் படுத்துக்கோங்க. அவ வந்து உங்களை எடுத்தா எடுக்கட்டும். கவிழ்த்துப் போட்டா, கவிழ்ந்து கிடங்க. யாரும் 'அப்பாகிட்ட போ'ன்னு சொல்லக் கூடாது. உங்க அக்கா உட்பட."

"அக்காவத் தவிர மத்ததெல்லாம் முடியும் மேடம்" என்றார்.

தரையில் கிடந்த பட்டாளம்

அந்த வீட்டில் அடுத்து நடந்ததை முப்பிடாதி எனக்குத் தினமும் போனில் சொன்னாள்.

மாரியப்பன் உத்தரவை அப்படியே நிறைவேற்றினார். ஹாலில் தரையில் படுத்தார். விருந்தாளிகள் தாண்டிப் போனார்கள். சண்முகத்தாய் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துச் சுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். காரணம் தெரிந்ததும் கொதித்துப்போனாள்.

"பெத்த தகப்பன் மவளுக்காகத் தரைல பாயாட்டம் கெடக்கணுமா? எந்த ஊர்ப் படிப்பு இது?"

"நீ சும்மா கெட, அக்கா. ஆர்டர்" என்றாராம் அவர், படுத்தபடியே.

முதலில் தன்ஷிகா அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கொண்டுவந்து அவர் வயிற்றின்மேல் வைத்துவிட்டு ஓடினாள். மூச்சு விடும்போது மூடி ஏறி இறங்கியது. அதைப் பார்க்க மறுபடி வந்தாள். மறுநாள் வேறு பொருட்களும் வந்தன. காம்பவுண்டுச் சுவர் பாதியில் நின்றது, கொத்தனார் கோபித்துக்கொண்டு போனார், அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் வழக்கம்போல், "அப்பாவுக்குப் போன் போடு" என்று தன்ஷிகா கேட்டிருக்கிறாள். முப்பிடாதி ஏதோ நினைப்பில், அவரை வெளியே அனுப்பாமலே போட்டுவிட்டாள். மணி அடித்தது தரையில் கிடந்த பெரிய மாமாவின் சட்டைப் பையில்.

தன்ஷிகா பையைப் பார்த்தாள். "உன் பைக்குள்ள எங்கப்பா இருக்காரா?"

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே ஓடவும் முடியாது, நான் எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். படுத்தபடியே போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் கையிலிருந்த போனில் அப்பா முகம் வந்தது. அவள் போனைப் பார்த்தாள், தரையில் கிடந்தவரைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். அவர் கண் சிமிட்டினார். இரண்டு பேரும் சிமிட்டினார்கள்.

அவள் கவுன் நுனியை எடுத்துப் போனைத் துடைத்தாள். அப்புறம் அவர் பக்கத்தில் முட்டி போட்டு, அதே நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, மூக்கு, கன்னம், எல்லாம். துடைக்கத் துடைக்க ஈரமானது, அவர் கண்ணிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

"தண்ணி பட்டா கெட்டுப் போயிருவ" என்று அதட்டினாளாம்.

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். மறுநாள் அவர் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தி, "தூக்கு" என்றாளாம். அன்று சண்முகத்தாய் உள்ளே போய் எல்லாருக்கும் கேசரி கிண்டினாள்.

ரயிலடியில்

லீவின் மிச்ச நாட்களில் அவரைத் தனியாக யாரும் பார்க்கவில்லை. இடுப்பில் பிள்ளை இல்லாமல் அவர் எங்கும் போகவில்லை. அருவிக்குக்கூடப் போனார்கள், ஓரமாகக் கையில் தண்ணீர் பிடித்து விளையாடிவிட்டு வந்தார்கள். அதே பெண் போலீஸ், "அப்பா இப்ப எங்கம்மா?" என்று கேட்டதற்குத் தன்ஷிகா அவர் காதைப் பிடித்து இழுத்துக் காட்டியிருக்கிறாள்.

கிளம்புகிற அன்று முப்பிடாதி எனக்குப் போன் செய்தாள். "நீங்களும் ஸ்டேஷனுக்கு வந்துருங்க மேடம். அவிய ஆசப்படுதாவ."

தென்காசி ஸ்டேஷனில் சாயங்காலக் காற்று நன்றாக வீசியது, கூடவே கொஞ்சம் சாரல். மாரியப்பன் இடுப்பில் தன்ஷிகா, கையில் முறுக்கு. அவர் முகத்தில் சந்தோஷமும் பயமும் கலந்து கிடந்தன. நான் அந்த முறுக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவையும் டாட்டா காட்டிவிட்டு அதைத் தின்பாளோ?

ரயில் வந்தது. அவர் பிள்ளையை முப்பிடாதியிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை ஏற்றினார். அவரும் ஏறினார். அவர் இறங்கி வந்துவிடுவார் என்று தன்ஷிகா பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அசைந்தது. அவர் இறங்கவில்லை.

முறுக்கு கீழே விழுந்தது. அவள் அழுதாள். அதை அழுகை என்று சொன்னால் போதாது, பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உடம்பை வில்லாக வளைத்து, கையை வண்டியின் பக்கம் நீட்டி, "அப்பா, அப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மாரியப்பன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெரிகிற வரைக்கும் பார்த்தபடியே போனார்.

சண்முகத்தாய் என் பக்கம் திரும்பினாள். "நல்லா இருந்த பிள்ளைய இப்படி அழ வச்சிட்டீங்களே. இதுக்கா படிச்சீங்க?"

நான் குனிந்து, கீழே விழுந்த முறுக்கை எடுத்தேன்.  

கொஞ்ச நேரத்தில் முப்பிடாதியின் போன் அடித்தது. அவர்தான். அவள் அவசரமாக மகளிடம் போனைக் காட்டினாள். "இந்தா பாரு, அப்பா. இந்தா அப்பா."

தன்ஷிகா பார்த்தாள். இத்தனை காலம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த முகம். அதைக் கையால் தள்ளிவிட்டாள்.

"இந்த அப்பா வேண்டாம். தூக்குத அப்பா வேணும்."

முப்பிடாதி அவளைச் சமாதானப்படுத்த, போன் என் கைக்கு வந்தது. திரையில் மாரியப்பன். பின்னால் இருட்டத் தொடங்கிய தென்னந்தோப்புகள் ஓடின.

"மேடம், இன்னும் அழுவுதாளா?"

"அழுறா."

"எனக்காகத்தான?"

"உங்களுக்காகத்தான் மாரியப்பன். வேற யாருக்காக?"

அவர் முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டார்.

"போனக் கொஞ்சம் அவ பக்கத்துல பிடிங்க மேடம். கேட்டுக்கிடுதேன்."

பிடித்தேன். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், நான் கையை இறக்கவில்லை. கடையநல்லூர்ப் பக்கம் சிக்னல் போகிற வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே போனார்.